கிளார்க் வேலைக்கு எத்தனை கிலோ?

இந்திய விமானப்படை அக்னிவீர்வாயு திட்டத்தில் எடுக்கும் ஒரு பிரிவுக்கு ‘நான்-காம்பாட்டன்ட்’ என்றே பெயர். போரிடாதவர்கள். சமையல், உணவு பரிமாறுதல், விடுதிப் பராமரிப்பு, துப்புரவு போன்ற வேலைகள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 152 சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் மார்பு விரிவு, அதோடு ஓட்டம், புஷ்-அப், சிட்-அப், ஸ்குவாட். இவற்றுக்கு நடுவே ஒரு வரி: உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற எடை இருக்க வேண்டும். தரைப்படையில் கிளார்க், ஸ்டோர்கீப்பர் வேலைக்கும் இதே வரிதான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் படித்து முடிக்கும் ஒரு பையனுக்கு முன்னால் இருக்கிற வழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், இல்லாவிட்டால் கவர்மென்ட் வேலை. அந்தக் கவர்மென்ட் வேலையிலும் கிரவுண்டில் ஓடிப் பிடிக்கக்கூடியவை ராணுவமும் போலீசும்தான். அதனால் அந்த ஒரு வரி எங்கள் கந்தக பூமியில் பல வீடுகளின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. போரிடாத வேலைக்கும் உடல்தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நன்றாகவே வேண்டும். ஆனால் அந்தத் தகுதி இருக்கிறதா இல்லையா என்பதை எடை மெஷினால் சொல்ல முடியாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடலாம். அக்னிபாத் ஆள்சேர்ப்புத் திட்டம் 2022 ஜூனில் வருவதற்கு முன்பு தென்மாநிலங்களுக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் பொதுப்பணி சிப்பாய்க்கு 166 சென்டிமீட்டர், கிளார்க்குக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் 162 சென்டிமீட்டர் என்று உயரம் பிரித்துப் போட்டிருந்தார்கள். எடை மட்டும் இருவருக்கும் ஒன்று, 50 கிலோ. இதைக் கணக்குப் போட்டால் என்ன ஆகிறது? 162 சென்டிமீட்டர் உயரமும் 49 கிலோ எடையும் உள்ள பையனின் பி.எம்.ஐ. 18.7. உலக சுகாதார நிறுவனம் 18.5-க்கு மேல் இருந்தால் இயல்பு என்கிறது, ஆக அவன் ஆரோக்கியமானவன். ஆனால் அந்த விதிப்படி அவன் அன்ஃபிட். 175 சென்டிமீட்டர் உயரத்தில் 50 கிலோ மட்டுமே இருக்கிற இன்னொருவனின் பி.எம்.ஐ. 16.3. எந்த டாக்டரும் அவனை உட்காரவைத்து என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார். ஆனால் எடைக்கட்டத்தில் அவன் பாஸ். ஒரே விதி நல்ல உடம்பை வெளியே அனுப்பி, மெலிந்த உடம்பை உள்ளே எடுத்திருக்கிறது. முகாமுக்குப் போகிறவர்கள் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் வாழைப்பழத்தைத் தின்று வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பது தென்மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து தொங்கியது.

அதே அறிவிப்புகளில் சலுகைகளும் உண்டு. முன்னாள் ராணுவத்தினரின் மகனுக்கு உயரத்தில் 2 சென்டிமீட்டர், மார்பில் 1 சென்டிமீட்டர், எடையில் 2 கிலோ தளர்வு. சிறந்த விளையாட்டு வீரருக்கு எடையில் 5 கிலோ வரை. விளையாட்டு வீரருக்குக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. அவன் தன் உடம்பு என்ன செய்யும் என்பதை ஏற்கெனவே மைதானத்தில் காட்டிவிட்டான். முன்னாள் படைவீரர் குடும்பத்துக்குச் சலுகை கொடுப்பதையும் நான் குறை சொல்லவில்லை, நாட்டுக்கு உழைத்த குடும்பத்துக்கு ஒரு கை கொடுப்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சலுகை ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. 50 கிலோ என்பது வேலைக்கு இன்றியமையாத அளவாக இருந்திருந்தால், 48 கிலோவில் ஒருவரை எடுக்கவே முடியாது. எடுத்தார்கள், அவர்களும் நன்றாகவே வேலை பார்த்தார்கள். அப்படியென்றால் 50 என்பது நிர்வாக வசதிக்காகக் கிழித்த கோடு.

இப்போது அந்த ஒற்றை எண் போய்விட்டது, அட்டவணை வந்துவிட்டது. அது முன்னேற்றம்தான். அதிகாரிகளுக்கான என்.டி.ஏ., சி.டி.எஸ். தேர்வு அறிவிக்கைகளில் யு.பி.எஸ்.சி. இந்த அட்டவணையை முழுசாக வெளியிடுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குக் குறைந்தபட்சம் 52 கிலோ. இருபது வயது வரை அதிகபட்சம் 63.6 கிலோ. வயது ஏற ஏற அந்த மேல்வரம்பும் ஏறி, நாற்பதைத் தாண்டினால் 72 கிலோவைத் தொடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கீழ்வரம்பு பி.எம்.ஐ. 18, மேல்வரம்பு 22-இல் தொடங்கி 25 வரை போகிறது. இந்த அட்டவணையில் உயரத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது, வயதுக்குப் பத்திகள் இருக்கின்றன, செய்யப்போகிற வேலைக்குப் பத்தியே இல்லை. காலாட்படைக்குப் போய் மலையேறப்போகிறவரும், ஆர்டினன்ஸ் கோரில் கிடங்குக் கணக்குப் பார்க்கப்போகிறவரும், சர்வீஸ் கோரில் அரிசியும் டீசலும் அனுப்பப்போகிறவரும் ஒரே கட்டத்தில் நிற்க வேண்டும். வயதுக்காக எட்டு கிலோவுக்கு மேல் வளைந்து கொடுக்கிற அட்டவணை, வேலைக்காக ஒரு கிராம்கூட வளைவதில்லை.

‘வளைய வேண்டாம், எடை என்பது ஆரோக்கியத்தின் அளவுதானே’ என்று கேட்கலாம். அங்கேதான் இந்திய உடம்பு பெரிய சிக்கலைக் கொடுக்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் புகைப்படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். பார்க்க ஒல்லியாக இருந்து, வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் தேகவாகு நம் மக்களிடம் அதிகம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் இத்தனை வீடுகளுக்குள் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதே 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று சொன்னதும் இதனால்தான். ஆகவே 60 கிலோவில் ‘ஃபிட்’ முத்திரை வாங்கிய கிளார்க்குக்குத் தொப்பைக்குள் ஆபத்து இருக்கலாம், 70 கிலோவில் முத்திரை கிடைக்காதவருக்கு அது அத்தனையும் தசையாக இருக்கலாம். எடை மெஷின் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறது.

இது ராணுவத்துக்குத் தெரியாத விஷயமும் அல்ல. அதே யு.பி.எஸ்.சி. அறிவிக்கையில், தேசிய அளவில் உடற்கட்டு, மல்யுத்தம், குத்துச்சண்டை செய்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. எடை கூடுதலாக இருந்தாலும் பி.எம்.ஐ. 25-க்குள் இருந்து, இடைச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் ஆண்களுக்கு 0.9-க்குக் கீழும், வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குக் கீழும் இருந்து, ரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். சரியான அளவுகோல் எதுவென்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பதக்கம் வாங்கியவனுக்கு மட்டும் ஏன் வைக்க வேண்டும்? கரிசல்காட்டில் மூட்டை தூக்கி வளர்ந்தவனுக்கும், ஊர்த் தெருவில் கபடி ஆடியே தோள் அகன்றவனுக்கும் சான்றிதழ் கிடையாது. உடம்பு இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். எல்லாவற்றிலும் வலுவானது இது: ராணுவத்தில் போரிடாதவர் என்று யாரும் கிடையாது, சமையல்காரரும் கிளார்க்கும் முதலில் சிப்பாய்தான், எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. நான் இதை மனசார ஏற்றுக்கொள்கிறேன். சொல்லப்போனால், கிடங்கு வேலை என்றால் ஆபத்தில்லாத வேலை என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கலாம், விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் நினைக்க முடியாது. மணி மருந்து காயவைக்கும் இடமும், திரி வெட்டும் அறையும், சரக்கு அடுக்கிய குடோனும் எப்படிப்பட்டவை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி இருப்பதே, வெடித்தால் நாலு பேரோடு போகட்டும் என்பதற்காக. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது உயிர் போனது. அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல, புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும்தான். ராணுவத்திலும் அப்படி ஒரு நாள் உண்டு. மகாராஷ்டிரத்தின் புல்காவ் மத்திய வெடிமருந்துக் கிடங்கில் 2016 மே 31 அதிகாலையில் தீப்பிடித்தபோது, இரண்டு அதிகாரிகள் உட்படப் பதினைந்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லைக்கும் அந்த இடத்துக்கும் எத்தனையோ தூரம். இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கப் போன கிடங்கின் தீயணைப்புப் பணியாளர்கள்.

அந்த அதிகாலையில் அவர்களிடம் என்ன இருந்திருக்க வேண்டும்? ஓடும் மூச்சு, குழாயை இழுக்கும் தோள், விழுந்தவரைத் தூக்கும் இடுப்பு, பதறாத புத்தி. இதில் எந்த ஒன்றையும் எடைக் கட்டம் சோதிக்கவில்லை. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்று 43 கிலோவுக்கு மேல் இருக்கும். கிடங்கில் வேலை பார்ப்பவர் அந்தச் சரக்கோடுதான் நாளெல்லாம் புழங்க வேண்டும். இங்கே ஒல்லியான உடம்பு சிரமப்படும் என்பது உண்மை, பாரம் சுமப்பதற்குத் தசை வேண்டும். அதனால் குறைந்தபட்ச எடை என்ற எண்ணத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் முடிவு ‘ஐம்பது கிலோ இருக்கிறாயா’ என்று கேட்பதாக இருக்க முடியாது. ஒரு மூட்டையைக் காட்டி, இதைத் தூக்கி இத்தனை அடி கொண்டுபோய் வை என்று சொல்ல வேண்டும். பிரிட்டன் ராணுவம் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. 4 கிலோ பந்தை எறிவது, தரையோடு பிணைத்த கம்பியைப் பிடித்து இழுப்பது, 2 கிலோமீட்டர் ஓடுவது என்று சோதனை எல்லோருக்கும் ஒன்று, எட்ட வேண்டிய அளவு மட்டும் சேரப்போகும் பிரிவுக்குத் தகுந்தபடி மாறும். எல்லோரும் சிப்பாய் என்ற வாதம் செயல்திறன் சோதனைக்குத்தான் வலுச்சேர்க்கிறது, எடை அட்டவணைக்கு அல்ல.

எடை பார்க்காமல் சீருடைப் படைக்கு ஆள் எடுக்க முடியுமா என்றால், தமிழ்நாட்டில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிவகாசியிலும் சாத்தூரிலும் பட்டாசு ஆலை வெடித்தால் சைரன் போட்டுக்கொண்டு ஓடும் தீயணைப்பாளர், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருபவர். இரண்டாம் நிலைக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் அவருக்கும் ஒரே தேர்வு. உயரம் அளப்பார்கள், மார்பு அளப்பார்கள். பிறகு 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும், கயிறு ஏற வேண்டும். உடலளவுத் தேர்வில் எடைக்கென்று ஒரு கட்டம் இல்லை. யோசித்துப் பாருங்கள், அதற்குத் தேவையும் இல்லை. கயிறு ஏறுவது என்றால் உடம்பின் மொத்த எடையையும் இரண்டு கையால் மேலே தூக்குவது. கொழுப்பு அதிகமாக இருந்தால் பாதியில் கை நழுவும், தசை இல்லாவிட்டால் முதல் பிடியிலேயே தெரிந்துவிடும். காலைச் சுற்றிக் கயிற்றைப் பூட்டி, மூச்சை அடக்கி, ஒரு கை மேல் ஒரு கை வைத்து ஏறுகிறவனைக் கீழே நின்று பார்க்கும் அதிகாரிக்கு, அவன் எத்தனை கிலோ என்பது தேவைப்படாத விவரம். இந்தத் தேர்விலும் எனக்கு ஒரு குறை உண்டு. தண்ணீர் நிறைந்த குழாயை இழுக்கப்போகிறவரையும் சிறைக் கதவைக் காக்கப்போகிறவரையும் ஒரே கயிற்றில் ஏற்றுகிறார்கள். தீயணைப்பாளருக்கு ஏணி, குழாய், முதுகில் சிலிண்டர் என்று தனியாக ஒரு சோதனை இருந்தால் நன்றாக இருக்கும். ஆனாலும் அளக்க வேண்டியது வேலையைத்தான் என்ற அடிப்படை இங்கே சரியாக இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் வேலைக்குச் சேர்ந்த பிறகு வருவது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எடை ஏறுகிறது, பி.பி., சுகர் வருகிறது, மருத்துவச் செலவு ஏறுகிறது, அவசரத்துக்கு அனுப்ப ஆள் இல்லாமல் போகிறது. இதற்கு அணை போடத்தான் எடை வரம்பு என்பார்கள். நம் ராணுவத்தில் உரிய எடையை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் மருத்துவத் தரம் இறங்கிவிடும். தரம் இறங்கினால் பதவி உயர்வு, பயிற்சி, நல்ல பணியிடம் எல்லாம் இடிக்கும். அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 30 அன்று குவாண்டிகோ தளத்தில் தளபதிகளைக் கூட்டிவைத்துப் பேசிய பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத், எந்தப் பதவியில் இருந்தாலும் எல்லோரும் வருடத்துக்கு இரண்டு முறை உயர-எடை வரம்புக்குள் வந்தாக வேண்டும் என்றார். உடற்பருமனால் வரும் நோய்களின் செலவை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அதே அமெரிக்கத் தரைப்படை 2023-இல் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடல்திறன் தேர்வில் 600-க்கு 540 எடுத்து, ஆறு பிரிவிலும் 80-க்குக் குறையாமல் இருந்தால், அவருக்கு உடல் கொழுப்பு அளவீடே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள். தங்கள் சொந்த ஆட்களை அளந்து பார்த்தபிறகு எடுத்த முடிவு அது. நன்றாக இயங்குகிற உடம்பை நாடா வைத்துத் துரத்தக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

நோய்தான் கவலை என்றால் நோயைத்தான் பார்க்க வேண்டும். வயிற்றுச் சுற்றளவு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு. வருடாந்திர மருத்துவப் பரிசோதனைதான் ஏற்கெனவே நடக்கிறதே. எடையையே தண்டனைக்குரிய கோடாக வைத்தால் மனிதர்கள் கோட்டைத்தான் தாண்டுவார்கள், உடம்பைச் சரி செய்ய மாட்டார்கள். பரிசோதனைக்கு முந்தின வாரம் பட்டினி கிடந்து, தண்ணீரைக் குறைத்து, ஆவிக் குளியலில் உட்கார்ந்து மூன்று கிலோ இறக்குவது விளையாட்டு உலகில் பழைய வித்தை. சேரும்போது தண்ணீர் குடித்து எடையை ஏற்றியவரே பிறகு தண்ணீர் குடிக்காமல் எடையை இறக்குகிறார். இரண்டு தடவையும் ஆரோக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது வாதம், எடை மெஷின் பாரபட்சம் பார்க்காது, சிபாரிசுக்கு மசியாது, ஆயிரக்கணக்கானவர்கள் வரும் முகாமில் நொடியில் வேலை முடியும் என்பது. இதில் கால்வாசி உண்மை. ஓட்டப் பந்தயத்தின் கடிகாரமும் சிபாரிசுக்கு மசியாது. அதுவும் அதே முகாமில், அதே காலையில், நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாக ஓடவிட்டு முடிக்கிற சோதனைதான். வயிற்றைச் சுற்றி நாடா வைப்பதற்கும் மெஷினில் ஏற்றுவதற்கும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. சீருடைக்கு ஒரு தோற்றம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் வயிற்று நாடாவே பதில், சட்டைக்கு மேல் தெரிவது கிலோ அல்ல.

இவ்வளவு பேசியும் நான் பெரிதாக நினைக்கும் விஷயத்துக்கு இனிமேல்தான் வருகிறேன். எடை வரம்பு என்றாலே இப்போது உலகம் பருமனைப் பற்றித்தான் பேசுகிறது. நம் பக்கத்தில் வானம் பார்த்த பூமியிலிருந்து வருகிற பையனுக்குக் கீழ்க்கோடும் ஒரு தடை. ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவன், காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனவன் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறான். அவனை அன்ஃபிட் என்று எழுதி அனுப்பிவிடுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மற்ற நாடுகள் அப்படி விட்டுவிடவில்லை. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப்போன பிரிட்டன், தொழில் நகரங்களின் ஏழை இளைஞர்களைக் கொத்துக் கொத்தாகத் திருப்பி அனுப்ப நேர்ந்தபோது அதிர்ந்து போனது. 1904-இல் மக்களின் உடல்நலச் சரிவை ஆராய்ந்த குழு அறிக்கை கொடுத்தது, 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆள் எடுத்தபோது கண்ட சத்துக்குறைவுதான் அமெரிக்காவின் 1946 பள்ளி மதிய உணவுச் சட்டத்துக்கும் ஒரு காரணம். இங்கே அந்த வேலையை ராணுவத்தின் அளவு நாடா செய்யவில்லை. விருதுநகரில் 1903-இல் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த காமராஜர் 1956-இல் பள்ளி மதிய உணவைக் கொண்டுவந்து அதைச் செய்தார், பசித்த பிள்ளை படிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. கிளார்க், ஸ்டோர்கீப்பர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் என்று ஒவ்வொரு வேலைக்கும் அந்த வேலையும் அதன் ஆபத்தும் கேட்கிற ஓட்டத்தையும் தூக்கலையும் சோதனையாக வையுங்கள். அதில் தேறியவரை எடையைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டாவது, முகாமில் எடுக்கும் உயரம், எடை, மார்பளவு விவரங்களைப் பெயர் நீக்கி, வட்ட வாரியாகத் தொகுத்து, அந்தந்த மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் ஆட்சியருக்கும் ஒவ்வொரு வருடமும் அனுப்புங்கள். பதினேழரை வயதிலிருந்து இருபத்தோரு வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளை இப்படிக் கூட்டமாக நிறுத்தி வைத்து அளக்கிற வாய்ப்பு வேறு எந்தத் துறைக்கும் லேசில் கிடைக்காது. வெம்பக்கோட்டையில் எடை குறைவாகவும் ராஜபாளையத்தில் சரியாகவும் இருந்தால், எந்தப் பள்ளிக்கூடத்தில் முட்டையைக் கூட்ட வேண்டும், எந்த ஆலைப் பகுதியில் வளரிளம் பருவத்தினருக்கு ரத்தசோகை பார்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு அந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும்.